ஸ்டெர்ன்டிரைவின் டிரிம் ஹோஸ் கசிந்தால்: கண்டுபிடிப்பது முதல் காற்றை வெளியேற்றுவது வரை

எஞ்சின் படகுக்குள்ளும், புரொபெல்லரைச் சுமக்கும் டிரைவ் பின்சுவருக்கு வெளியேயும் இருக்கும் அமைப்புதான் ஸ்டெர்ன்டிரைவ். அந்த டிரைவை ஏற்றி இறக்கும் ஆயில் போகும் குழாய் டிரிம் ஹோஸ். அது நடுவில் வெடிப்பது அபூர்வம். நான் கழற்றிய பழைய ஹோஸ்களில் ரப்பர் பெரும்பாலும் நன்றாகவே இருந்தது, போயிருந்தது முனைதான். ரப்பர் குழாயையும் இரும்பு முனையையும் சேர்த்து நெரித்துப் பிடித்திருக்கும் வளையம் ஒன்று உண்டு, ஃபெரூல் என்பார்கள். அதற்குள் தண்ணீர் புகுந்து துரு பிடித்துவிட்டால், அந்தத் துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். வளையம் உள்ளுக்குள்ளேயே உப்பும், செதில் செதிலாக உரியும், பிடி தளரும். ஒரு நாள் அந்த இடத்தில் ஒரு சொட்டு ஆயில் தொங்கும்.

இந்த வேலையில் புது ஹோஸை மாட்டுவது எளிது. பழைய நட்டைக் கழற்றுவதுதான் கடினம். அது உட்கார்ந்திருக்கும் அலுமினியக் கட்டையின் மரை போகாமல் கழற்றுவது அதைவிடக் கடினம். கீழே எழுதியிருப்பதில் பாதி அந்த ஒரு விஷயத்தைப் பற்றியதுதான். அவசரப்பட்டு ஒரு முறை மரையைக் கெடுத்து, ஹோஸோடு கட்டையையும் சேர்த்து மாற்ற வேண்டி வந்த பிறகு நான் கற்றுக்கொண்டது அது.

ஆயில் போகும் பாதை

கருவியை எடுப்பதற்கு முன் பாதையைப் புரிந்துகொள்ளுங்கள். டிரிம் பம்ப் படகுக்குள், எஞ்சினுக்குப் பக்கத்தில் இருக்கும். அதன் மேலேயோ கீழேயோ ஆயில் டேங்க். பம்பிலிருந்து இரண்டு ஹோஸ்கள் கிளம்பும்: ஒன்று டிரைவை மேலே தூக்குவதற்கு, இன்னொன்று கீழே இறக்குவதற்கு. இரண்டும் டிரான்ஸம் என்னும் பின்சுவரை ஊடுருவிப் போகும்.

மெர்க்ரூசர் நிறுவனத்தின் ஆல்ஃபா, பிராவோ வகை டிரைவ்களில் அந்த இரண்டும் வெளியே, பின்சுவரில் பொருத்திய கிம்பல் ஹவுசிங்கின் அடியில் ஓர் இணைப்புக் கட்டையில் முடியும். அங்கிருந்து இரண்டு குட்டி ஹோஸ்கள், ஸ்டியரிங்கோடு சேர்ந்து திரும்பும் கிம்பல் ரிங்கில் இருக்கும் இன்னொரு கட்டைக்குப் போகும். அதிலிருந்து இடது சிலிண்டருக்கு இரண்டு, வலது சிலிண்டருக்கு இரண்டு. வோல்வோ பென்டா நிறுவனத்தின் டிரைவ்களில் கட்டைகளின் இடமும் எண்ணிக்கையும் மாறும், ஆனால் வேலை அதேதான்.

படகு திரும்பும்போதெல்லாம் மடங்கி நிமிர்வது நடுவில் உள்ள அந்தக் குட்டி ஹோஸ்கள்தான். எப்போதும் நனைந்திருப்பவையும் அவைதான், கண்ணுக்கு எளிதில் தெரியாதவையும் அவைதான். சந்தேகம் வந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

சிலிண்டரின் தண்டு வெளியே நீளும்போது டிரைவ் மேலே போகும். தண்டு உள்ளே போகும்போது கீழே வரும். தண்டு நீண்டிருக்கும்போது சிலிண்டருக்குள் அதிக ஆயில் இருக்கும், டேங்கில் குறைவாக இருக்கும். டிரைவ் முழுக்க இறங்கிய நிலையில்தான் டேங்கின் அளவைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம். டிரைவைத் தூக்கி வைத்துக்கொண்டு அளவு குறைகிறதே என்று ஊற்றினால், இறக்கும்போது டேங்க் வழிந்து படகின் அடித்தட்டெல்லாம் ஆயிலாகும்.

கசிவது ஹோஸ்தானா?

டேங்கில் அளவு குறைகிறது, டிரைவ் ராத்திரியில் தானாகவே இறங்கிவிடுகிறது. இவற்றை வைத்து மட்டும் ஹோஸ் வாங்கப் போகாதீர்கள். ஆயில் கொஞ்சமும் குறையாமல் டிரைவ் மட்டும் இறங்கினால், கோளாறு உள்ளே இருக்கிறது: பம்பின் வால்வோ, சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கோ பிடிக்கவில்லை. எத்தனை புது ஹோஸ் மாட்டினாலும் அது தீராது.

ஆயில் குறைகிறதென்றால், வெளியே வந்திருப்பது எந்த ஆயில் என்று பாருங்கள். விரலில் தொட்டுத் தேய்த்தால் டிரிம் ஆயில் மெல்லியதாக இருக்கும். டிரைவின் கியர் ஆயில் கெட்டியாக இழுக்கும், கந்தக நெடி அடிக்கும். அந்த மணத்தை ஒருமுறை முகர்ந்தவர் மறக்கமாட்டார். பவர் ஸ்டியரிங்கிலிருந்து வருவது பல படகுகளில் சிவப்பாக இருக்கும். ஆனால் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். முன்பு யாரோ எதையாவது ஊற்றியிருக்கலாம்.

அடுத்தது இடம். சிலிண்டரின் வாய்ப்பகுதியில், தண்டு வெளியே வரும் இடத்தில் ஆயில் வளையமாகப் பூத்திருந்தால் அது சீல் கசிவு. தண்டில் சின்னக் குழிகள் விழுந்திருக்கின்றனவா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். குழி விழுந்த தண்டு புது சீலையும் அறுத்துவிடும். ஹோஸ் என்றால் கசிவு முனையிலோ, எதிலாவது உரசித் தேய்ந்த இடத்திலோ இருக்கும்.

எனக்குப் பிடித்த சோதனை மிக எளியது. சந்தேகப்படும் இடம் முழுவதையும் பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்துக் காயவிடுங்கள். அதன்மேல் டால்கம் பவுடரை மெல்லத் தூவுங்கள். இன்னொருவரை டிரிம் பட்டனை இரண்டு மூன்று முறை அழுத்தச் சொல்லிவிட்டு, விலகி நின்று பாருங்கள். வெள்ளைப் பவுடரில் கறுப்பாக ஒரு கோடு ஊறி வரும். அந்தக் கோடு எங்கே தொடங்குகிறதோ அதுதான் கசியும் இடம். ஆயில் கீழ்நோக்கி ஓடிச் சொட்டும் இடத்தைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம், பவுடர் ஏமாற்றாது.

இந்தச் சோதனையில் ஒன்றை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள்: பம்ப் ஓடும்போது ஹோஸைக் கையால் தடவிப் பார்ப்பது. மேலே தூக்கும் பக்கத்தில் அழுத்தம் 2000 பி.எஸ்.ஐ.யைத் தாண்டும். ஊசித்துளை வழியாக வரும் ஆயில் கண்ணுக்கே தெரியாமல் தோலைத் துளைத்து உள்ளே போகும். முதலில் சின்னக் கொசுக்கடி போலத்தான் இருக்கும், வலிகூட இருக்காது. சில மணி நேரத்தில் விரலையே இழக்கும் நிலை வரலாம். அப்படி நேர்ந்தால் வலி வருகிறதா என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போய், அழுத்தத்தில் வந்த ஆயில் உள்ளே புகுந்தது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். துளையைத் தேட அட்டைத் துண்டு ஒன்றை நீட்டிப் பிடியுங்கள், கண்ணாடி அணியுங்கள்.

எந்தப் பக்கத்து ஹோஸ் என்பதைப் படகே சொல்லிவிடும். மேலேற்றும் பக்கம் கசிந்தால் தூக்கி வைத்த டிரைவ் மெல்ல இறங்கும். அது ஓட்டத்தில் ஒரேயடியாக விட்டுப்போனால், முன்தள்ளும் விசையில் டிரைவ் உள்ளே அடித்து, படகின் மூக்கு சட்டென்று தாழும். கீழிறக்கும் பக்கம் காலியானால் முன்னே போகும்போது ஒன்றும் தெரியாது. ரிவர்ஸ் போட்டதும் டிரைவ் மேலே எழும்பும், படகு நிற்காது. துறையில் கட்ட வரும்போதுதான் இது தெரியவரும். அப்போது பிரேக் என்று இருப்பது அந்த ரிவர்ஸ் ஒன்றுதான். சின்னக் கசிவுதானே, வாரக்கடைசியை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று யாராவது கேட்டால் நான் வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியவை

டிரைவின் சீரியல் எண்ணையும் டிரான்ஸம் பாகத்தின் சீரியல் எண்ணையும் குறித்துக்கொண்டு அதற்குரிய ஹோஸை வாங்குங்கள். இரண்டு எண்களும் வெவ்வேறு. ஒரே மாடல் பெயரிலும் ஆண்டுக்கு ஆண்டு ஹோஸின் நீளமும் முனையின் வளைவும் மாறியிருக்கின்றன.

ஒரு ஹோஸ்தான் கசிகிறது என்றாலும் அதன் ஜோடியையும் மாற்றுங்கள். இரண்டும் ஒரே வயது, ஒரே தண்ணீரில் இருந்தவை. ஒன்றுக்காக இவ்வளவையும் பிரித்த பிறகு மற்றதை விட்டுவைத்தால், அடுத்த பருவத்தில் இதே இடத்தில் இதே வேலையைச் செய்துகொண்டிருப்பீர்கள். முனைகளில் துரு மோசமாக இருந்தால் சிலிண்டருக்குப் போகும் நான்கையும் சேர்த்தே மாற்றிவிடலாம்.

ஹைட்ராலிக் கடையில் கொடுத்து முனை அடித்துவாங்கலாமா? அதே முனை, அதே வளைவு, வேலை அழுத்தம் பொருந்தும் ஹோஸ் கிடைத்தால் வாங்கலாம். நல்ல ஹைட்ராலிக் ஹோஸ் அதில் எழுதியிருக்கும் வேலை அழுத்தத்தைப்போல் 4 மடங்கில்தான் வெடிக்கும்படி செய்யப்படுகிறது. அதனால்தான் நடுவில் போவதில்லை. கிளிப் போட்டு இறுக்கிய குழாய், எரிபொருள் ஹோஸ் போன்ற எதுவும் இங்கே ஒரு நிமிஷம்கூடத் தாங்காது. ஸ்டெயின்லெஸ் முனை போட்ட ஹோஸ்களும் விற்கிறார்கள். துரு பிடிக்காது என்பது உண்மை. ஆனால் ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அரிக்கப்படுவது அலுமினியம். அந்த ஹோஸ் வாங்கினால் நட்டின் மேல் பூச்சு விஷயத்தில் இரண்டு மடங்கு கவனம் வேண்டும்.

இவற்றோடு தயாரிப்பாளர் சொல்லும் டிரிம் ஆயில், ஓ-ரிங் இருக்கும் இணைப்புகளுக்குப் புது ஓ-ரிங், துரு இளக்கும் ஆயில், ஃபிளேர் நட் ஸ்பேனர், ரப்பர் மூடிகள் அல்லது சுத்தமான பிளாஸ்டிக் மூடிகள், பழைய ஆயில் பிடிக்க ஒரு தட்டு, ஆயில் உறிஞ்சும் துணி. டிரைவைக் கழற்றுவதாக இருந்தால், அது வந்து பொருந்தும் பெல் ஹவுசிங்குக்கான கேஸ்கெட், ஓ-ரிங் செட், ஸ்பிளைன் எனப்படும் ஷாஃப்டின் பல்வரிசைக்கான கிரீஸ்.

ஃபிளேர் நட் ஸ்பேனரைப் பற்றி ஒரு வார்த்தை. சாதாரண இரட்டைமுனை ஸ்பேனர் நட்டின் இரண்டு பக்கத்தை மட்டும் பிடிக்கும். துருப்பிடித்த மெல்லிய நட் அதில் உருண்டையாகிவிடும். ஃபிளேர் நட் ஸ்பேனர் வாயில் சின்ன வெட்டு மட்டும் விட்டு நட்டைச் சுற்றி வளைத்துப் பிடிக்கும். அது இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

மெர்க்ரூசருக்கு டிரிம் ஆயில் கைவசம் இல்லாத நேரத்தில் 10டபிள்யூ-30 அல்லது 10டபிள்யூ-40 எஞ்சின் ஆயில் ஊற்றலாம் என்று அவர்களின் கையேடே சொல்கிறது. மற்ற டிரைவ்களுக்கு அந்தந்தக் கையேடு சொல்வதுதான். பிரேக் ஆயிலை எதற்குள்ளும் ஊற்றக் கூடாது, சீல்களெல்லாம் ஊதிவிடும்.

படகை நிறுத்துவது

படகு தண்ணீரில் இருக்கும்போது இந்த வேலை கூடாது. ஹோஸ்களும் இணைப்புக் கட்டையும் டிரான்ஸமின் துளை வழியாகப் போகின்றன. கழற்றினால் தண்ணீர் உள்ளே வரும். சமதளத்தில் டிரெய்லரிலோ தாங்கியிலோ நிறுத்தி, சக்கரத்துக்கு அடைகொடுங்கள்.

டிரைவை முழுக்கக் கீழே இறக்குங்கள். ஹோஸைக் கழற்றிய கணத்தில் அதைத் தாங்கிப் பிடிக்க ஆயில் இருக்காது என்பதை மறக்க வேண்டாம். இடமில்லாமல் தூக்கி வைத்துத்தான் வேலை செய்ய வேண்டுமென்றால், சங்கிலியாலோ சிலிண்டர் தண்டில் மாட்டும் தாங்கியாலோ கட்டிய பிறகே அதன் அடியில் கை வையுங்கள். கயிறு போதாது.

கீழே முட்டியதும் பட்டனை விட்டுவிடுங்கள்; அழுத்திக்கொண்டே இருந்தால் அந்தப் பக்கத்து ஹோஸில் அழுத்தம் அடைபட்டு நிற்கும். பிறகு பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள்.  யாராவது சாவியைத் திருப்பினாலும் பம்ப் ஓடாதபடி செய்வது உங்கள் விரல்களுக்காக.

டிரைவைக் கழற்ற வேண்டுமா?

சிலிண்டருக்குப் போகும் ஹோஸ் மட்டுமென்றால் வேண்டியதில்லை. கிம்பல் ரிங்கின் அடியில் இருக்கும் குட்டி ஹோஸ்கள் என்றால், ஸ்டியரிங்கை முழுக்க ஒரு பக்கம் திருப்பி வைத்து முடித்தவர்கள் உண்டு. நான் கழற்றச் சொல்வேன். ஸ்பேனருக்கு அசைய இடமில்லாத மூலையில்தான் நட்டுகள் உருள்கின்றன.

கழற்றுவதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மெர்க்ரூசர் ஆல்ஃபாவில் முன்கியர் போட்டுவிட்டுக் கழற்ற வேண்டும், பிராவோவில் நியூட்ரல். சிலிண்டர்களைப் பின்முனைப் பின்னிலிருந்து விடுவித்து, வாஷரும் புஷ்ஷும் எந்த வரிசையில் வந்தன என்று ஃபோட்டோ எடுத்துக்கொண்டு, சிலிண்டர்களை மேலே கட்டி வையுங்கள். டிரைவுக்குத் தாங்கி கொடுங்கள். ஒருவர் தனியாகத் தூக்கும் எடை அல்ல. பெல் ஹவுசிங்கில் இருக்கும் 6 நட்டுகளைக் கழற்றி நேராகப் பின்னுக்கு இழுங்கள்.

டிரைவ் வெளியே வந்ததும் யு-ஜாயின்ட்டை மூடியிருக்கும் மடிப்பு ரப்பர் உறையான பெல்லோஸை விரலால் பிரித்து மடிப்புகளுக்குள்ளே வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். உள்ளே தண்ணீர் நின்றதற்கான கறை இருந்தால், ஷாஃப்டைத் தாங்கும் கிம்பல் பேரிங்கைச் சுற்றிப் பாருங்கள். சொரசொரவென்றோ சத்தத்தோடோ சுற்றினால் இதுதான் மாற்றும் நேரம். பெல்லோஸ் கிழிந்தால் படகே மூழ்கலாம், டிரிம் ஹோஸைவிட அது பெரிய விஷயம்.

பழைய நட்டைக் கழற்றுவது

முடிந்தால் முந்தின நாளே துரு இளக்கும் ஆயிலை நட்டின் வேரில் அடித்துவிடுங்கள். அதற்கு முன் கம்பி பிரஷ்ஷால் துருவையும் பெயின்டையும் சுரண்ட வேண்டும், இல்லாவிட்டால் ஆயில் மேலேயே ஓடிவிடும். சாயங்காலம் ஒரு முறை, காலையில் ஒரு முறை. நட்டின் பக்கத்தைச் சின்னச் சுத்தியலால் நாலைந்து தட்டு தட்டினால் ஆயில் மரைக்குள் இறங்கும். கட்டையின் மேல் தட்டாதீர்கள்.

ஒவ்வொரு ஹோஸிலும் எது மேலேற்றுவது, எது இறக்குவது என்று டேப் ஒட்டி எழுதுங்கள். மெர்க்ரூசரில் பம்பிலிருந்து வரும் ஹோஸ்களில் மேலேற்றுவது கறுப்பு, இறக்குவது சாம்பல். யாராவது முன்பே மாற்றியிருந்தால் நிறம் உதவாது. நாலு பக்கத்திலிருந்தும் ஃபோட்டோ எடுங்கள், குறிப்பாக ஹோஸ் எதற்கு மேலே, எதற்கு உள்ளே நுழைந்து போகிறது என்பதை.

அடியில் தட்டு வைத்து, நட்டைச் சுற்றித் துணி போடுங்கள். ஃபிளேர் நட் ஸ்பேனரை நட்டில் முழுதாக உட்காரவைத்து, கட்டையை இன்னொரு கையாலோ இன்னொரு ஸ்பேனராலோ பிடித்து, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு இம்மியளவு அசைக்கப் பாருங்கள். ஒட்டியிருக்கும் துரு அப்படித்தான் விடும். பிறகு கழற்றும் பக்கம். கால் சுற்று வந்ததும் நிறுத்தி, மிச்சமிருக்கும் அழுத்தம் துணிக்குள் இறங்க விடுங்கள்.

நட் சுழலும்போது கையில் என்ன தெரிகிறது என்று கவனியுங்கள். மெல்லச் சத்தம் போட்டுக்கொண்டு, சீராக இறுக்கம் குறைந்து வந்தால் சரி. அரைச் சுற்று வந்த பிறகு மறுபடி இறுகினால் மேற்கொண்டு முறுக்காதீர்கள். அலுமினிய மரை அதோடு சேர்ந்து உரிந்துவருகிறது என்று அர்த்தம். திரும்ப உள்ளே முறுக்கி, ஆயில் அடித்து, கால் சுற்று வெளியே, அரைக்கால் சுற்று உள்ளே என்று போய்வாருங்கள். ஒரு நட்டுக்கு அரைமணி நேரம் ஆகலாம். ஆகட்டும். கட்டை வாங்கிவந்து மாட்டுவதைவிட அது குறைந்த நேரம்தான்.

அசையவே இல்லையென்றால் நெருப்பு வைக்கத் தோன்றும். பெட்ரோல் ஆவி இருக்கும் படகில், ரப்பர் பெல்லோஸ்களுக்கு நடுவில், ஆயில் நிறைந்த ஹோஸில் நெருப்பு வேண்டாம். ஹோஸைத்தான் எப்படியும் தூக்கிப்போடப் போகிறோமே: நட்டுக்குப் பின்னால் ஹோஸை வெட்டிவிட்டு, நட்டின் மேல் ஆறுபட்டை சாக்கெட்டை நேராக இறக்கிக் கழற்றலாம். ஸ்பேனருக்கு மசியாத நட்டுகள் பல இதற்கு மசிந்திருக்கின்றன. அதற்கும் வரவில்லையென்றால் கட்டையோடு கழற்றி வைஸில் பிடித்துச் செய்யுங்கள். படகின் அடியில் தலைகீழாகப் படுத்துச் செய்வதைவிட அது நூறு மடங்கு மேல்.

கழன்றதும் கட்டையின் துளையையும் எதிர்முனையையும் உடனே மூடிவிடுங்கள். ஒரு மணல்துகள் பம்பின் வால்வில் உட்கார்ந்தால் ஹோஸ் மாற்றியும் டிரைவ் இறங்கிக்கொண்டே இருக்கும், காரணம் தெரியாமல் நாள்கணக்கில் தேடுவீர்கள்.

புது ஹோஸ்

துளையின் மரையை நைலான் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, தூள் உள்ளே போகாமல் துடையுங்கள். ஃபிளேர் முனை, அதாவது ஹோஸின் விரிந்த முனை, உட்காரும் சரிவான இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே கீறல் இருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் கசியும். பழைய ஓ-ரிங் துளைக்குள் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அதன்மேலேயே புதிதை வைத்து முறுக்கியவர்கள் உண்டு.

புது ஹோஸுக்குள் கொஞ்சம் டிரிம் ஆயில் விட்டு ஆட்டி வெளியே கொட்டுங்கள். வெட்டும்போது விழுந்த ரப்பர்த் தூள் இருந்தால் வந்துவிடும். மரைக்கு டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம். இங்கே ஆயிலை நிறுத்துவது ஃபிளேர் சரிவோ ஓ-ரிங்கோதான், மரை அல்ல. டேப்பின் நூல் பிய்ந்து வால்வுக்குப் போகும். ஃபிளேர் முனையிலும் ஓ-ரிங்கிலும் ஒரு சொட்டு டிரிம் ஆயில் தடவினால் போதும்.

நட்டை விரலால் தொடங்குங்கள். மூன்று சுற்றாவது விரலாலேயே போக வேண்டும். போகவில்லையென்றால் மரை குறுக்கே பிடிக்கிறது. ஸ்பேனரைத் தொடாமல் வெளியே எடுத்து மறுபடி தொடங்குங்கள். ஹோஸ்கள் அனைத்தையும் விரலிறுக்கத்தில் மாட்டி, போகும் வழியைச் சரிசெய்த பிறகே ஸ்பேனர். இறுக்கும்போது ஹோஸ் முறுக்கிக்கொள்ளக் கூடாது. ஹோஸின் மேல் நீளவாக்கில் அச்சடித்த எழுத்து ஒரே கோடாக இருந்தால் முறுக்கு இல்லை. இறுக்கத்தின் அளவு கையேட்டில் இருப்பதுதான். கசிகிறதே என்று மேலும் மேலும் இறுக்கினால் ஃபிளேர் நசுங்கும், இல்லை கட்டை பிளக்கும்.

இப்போது கிம்பல் ரிங்கைக் கையால் இடது கோடி வரைக்கும் வலது கோடி வரைக்கும் திருப்பிப் பாருங்கள். எந்தக் கோடியிலும் ஹோஸ் விறைக்கக் கூடாது, கூர்மையான விளிம்பிலும் எக்ஸாஸ்ட் பாகத்திலும் உரசக் கூடாது. பழைய கிளிப்புகளையும் சுருள் உறைகளையும் அதே இடத்தில் போடுங்கள். அவை அலங்காரத்துக்கு அல்ல.

ஆயில் ஊற்றி, காற்றை வெளியேற்றுவது

டிரைவைக் கழற்றியிருந்தால் திரும்ப மாட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடலாம், கசிந்தால் கைக்கு எட்டும் இடத்திலேயே இருக்கும். சிலிண்டர் தண்டுகள் எதிலும் முட்டாதபடி கட்டி, டேங்கில் ஆயில் ஊற்றி, பேட்டரியை இணைத்து, பட்டனைச் சில விநாடிகள் அழுத்துங்கள். தண்டுகள் நீண்டு கோடியில் முட்டியதும் ஒரு விநாடி பிடித்து விடுங்கள். அந்தக் கணத்தில்தான் முழு அழுத்தம் வரும். உள்ளே இழுத்தும் அதே மாதிரி. பம்ப் மோட்டார் தொடர்ந்து ஓடுவதற்காகச் செய்ததல்ல, சூடேறினால் ஆறவிடுங்கள். டேங்க் காலியாகி பம்ப் காற்றை இழுக்க விடாதீர்கள், ஒருவர் டேங்கையே பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

எங்கும் கசியாமல் காய்ந்திருந்தால் டிரைவை மாட்டலாம். புது கேஸ்கெட், புது ஓ-ரிங்குகள், ஸ்பிளைனில் கிரீஸ், கழற்றியபோது இருந்த அதே கியர். நேராக உள்ளே போகாவிட்டால் நட்டால் இழுத்து உட்காரவைக்காதீர்கள். ஆல்ஃபாவில் புரொபெல்லர் ஷாஃப்டை மெல்லத் திருப்பினால் ஸ்பிளைன் பிடிக்கும். மெர்க்ரூசரில் 6 நட்டுகளையும் 68 நியூட்டன் மீட்டருக்குக் குறுக்கும் மறுக்குமாக இறுக்குங்கள்.

பிறகு டிரைவை முழுக்க மேலே, முழுக்கக் கீழே என்று 6 முதல் 10 முறை ஓட்டுங்கள். இந்தப் பம்புகளில் காற்று டேங்கின் வழியாகத் தானாகவே வெளியேறும், தனியாக பிளீட் திருகு தேட வேண்டியதில்லை. டேங்க் மூடியில் காற்றுத்துளை இருந்தால் அது அடைபடாமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் டிரைவ் கீழே வந்ததும் அளவைப் பார்த்து, குறைந்தபட்சக் கோட்டுக்கும் அதிகபட்சக் கோட்டுக்கும் நடுவில் நிரப்புங்கள். முதலிரண்டு முறை டிரைவ் விட்டுவிட்டு ஏறும், பம்ப் கரகரக்கும், டேங்கில் நுரை வரும். போகப் போகச் சீராகும். நுரை வந்தால் அது அடங்கும் வரை பதினைந்து நிமிஷம் உட்காருங்கள். நுரை ஆயிலையே திரும்ப அனுப்பினால் காற்றும் சேர்ந்தே போகும்.

காற்று போய்விட்டதா என்று பார்க்க, டிரைவைப் பாதி உயரத்தில் நிறுத்தி, பின்பக்கத்தைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். கல்போல நின்றால் நல்லது. ஸ்பிரிங் போல அமுங்கி எழுந்தால் காற்று இன்னும் இருக்கிறது.

முடித்த பிறகு

எல்லா முனைகளையும் மறுபடி பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்து, பவுடர் தூவி, டிரைவை முழுக்கத் தூக்கி, நழுவினாலும் விழாதபடி தாங்கி கொடுத்து ஒரு இரவு விடுங்கள். தாங்கிக்கும் டிரைவுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருக்கட்டும், அப்போதுதான் இறங்கியதா என்று தெரியும். காலையில் இடைவெளி அப்படியே இருந்து, பவுடரும் வெள்ளையாகவே இருந்தால் பிடித்துவிட்டது.

அதன் பிறகு முனைகளுக்குப் பூச்சு. கிரீஸ் இல்லாமல் துடைத்து, நட்டும் ஃபெரூலும் மூடும்படி பிரைமரும் பெயின்டும் இரண்டு பூச்சு, அதன்மேல் துருத் தடுப்பு ஸ்பிரே. இதற்குச் செலவாகும் பத்து நிமிஷம்தான் புது ஹோஸுக்கும் அடுத்த கசிவுக்கும் நடுவில் நிற்பது. மற்ற உலோகத்துக்குப் பதிலாகத் தான் கரையும் உலோகக் கட்டிதான் ஆனோட், அதன் மேல் பெயின்ட் படக் கூடாது. பட்டால் ஆனோட் வேலை செய்யாது. ஆனோட் பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றுங்கள். உப்புத் தண்ணீருக்குத் துத்தநாகம் அல்லது அலுமினியம், நன்னீருக்கு மெக்னீசியம். டிரைவின் பாகங்களை ஒன்றோடொன்று இணைக்கும் மெல்லிய இணைப்புக் கம்பிகளையும் பாருங்கள். வேலையின்போது அறுந்திருந்தால், அந்தப் பாகத்தை ஆனோட் காப்பாற்றாது, துரு ஹோஸ் முனையிலேயே மறுபடி தொடங்கும்.

பழைய ஆயிலையும் நனைந்த துணிகளையும் மூடிய கேனில் சேர்த்து, பழைய எஞ்சின் ஆயில் வாங்குகிற இடத்தில் கொடுங்கள். படகின் அடித்தட்டில் சிந்தியதை பில்ஜ் பம்ப் போடுவதற்கு முன்பே துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் அது நேரே தண்ணீருக்குப் போகும்.

முதல் ஓட்டத்தில் கரைக்குப் பக்கத்திலேயே இருந்து, மெதுவாக ரிவர்ஸ் போட்டு டிரைவ் எழும்பாமல் நிற்கிறதா பாருங்கள். பிறகு வேகமெடுத்து டிரிம்மை மேலும் கீழும் ஓட்டுங்கள். திரும்பி வந்ததும் டிரைவை முழுக்க இறக்கி, டேங்கின் அளவை ஒரு கோடு போட்டு, தேதியோடு டேப்பில் எழுதி ஒட்டுங்கள். அடுத்த நாலைந்து ஓட்டங்களுக்கு அந்தக் கோட்டைப் பார்த்தால் போதும்.